இயர்போனில் ஓயாத உஸ் சத்தம்: இரண்டு ரெசிஸ்டரில் ஒரு தீர்வு

கேள்வி: திருவட்டாறு பக்கம் ரப்பர் தோட்டத்துக்கு நடுவில் எங்கள் வீடு. என் அப்பா கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டுக்குப் பக்கப்பாட்டு பாடியவர். அந்தக் காலத்தில் பதிவு செய்த கேசட்டுகளை ராத்திரி நேரத்தில் லேப்டாப்பில் ஏற்றி வருகிறேன். துல்லியமாகக் கேட்க வேண்டும் என்று பேலன்ஸ்டு ஆர்மேச்சர் வகை இயர்போன் ஒன்று வாங்கினேன். பெட்டியில் 16 ஓம், 112 டெசிபெல் என்று போட்டிருக்கிறது. காதில் வைத்தாலே 'உஸ்' என்று ஓயாத சத்தம். பாட்டு ஓடாதபோதும் கேட்கிறது. பழைய மலிவு இயர்போனில் அது இல்லை. வாங்கிய கடையில் பீஸ் கம்ப்ளெயின்ட் என்று சொல்லி மாற்றித் தருகிறேன் என்கிறார்கள். நண்பர் ஒருவர் ஒயரில் 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்த்தால் போதும் என்கிறார். அண்ணா, எது சரி? அப்படிச் செய்தால் கேசட்டில் இருக்கும் இரைச்சலும் போய்விடுமா?

பதில்: தம்பி, இயர்போனை மாற்ற வேண்டாம். அதில் குறை எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. மாற்றித் தரும் பீஸும் இதே சத்தத்தைத்தான் கொடுக்கும். நண்பர் சொன்ன வழியில் பாதி சரி. ஒரு ரெசிஸ்டர் போதாது, சேனலுக்கு, அதாவது ஒவ்வொரு காதுக்கும், இரண்டு வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

எந்த ஆம்ப்ளிஃபையரும் முழு மௌனமாக இருப்பதில்லை. ரெசிஸ்டருக்குள் எலெக்ட்ரான்கள் வெப்பத்தால் ஓயாமல் அலைகின்றன. அந்த அலைச்சலே மிகச் சிறிய மின்னழுத்தமாக வெளியே வருகிறது. பெல் ஆய்வுக்கூடத்தில் ஜான்சன் இதை அளந்து காட்ட, நைக்விஸ்ட் அதற்குக் கணக்கு எழுதினார். இரண்டு கட்டுரையும் 1928இல் வெளிவந்தன. இதோடு டிரான்சிஸ்டர்களின் சொந்த இரைச்சலும், டிஜிட்டலை ஒலியாக மாற்றும் சிப்பின் இரைச்சலும் சேர்ந்துகொள்ளும். லேப்டாப்பின் இயர்போன் சாக்கெட்டில் எல்லாம் சேர்ந்து சில மைக்ரோவோல்ட் வரும். கொப்பரை நிறுக்கும் தராசில் ஒரு பொட்டுத் தூசியை வைத்தால் முள் அசையாது, நகைக்கடைத் தராசில் அதே தூசிக்கு எடை காட்டும். உங்கள் பழைய இயர்போன் முதல் வகை, புதியது இரண்டாவது வகை. இரைச்சல் முன்பும் இருந்தது. இப்போதுதான் கேட்கிறது.

கணக்காகவே பார்த்துவிடுவோம். 112 டெசிபெல் என்பது 1 மில்லிவாட் கொடுத்தால் வரும் சத்தம். 16 ஓமில் 1 வோல்ட் கொடுத்தால் 62.5 மில்லிவாட் ஆகும், அதற்கு 18 டெசிபெல் கூட்ட வேண்டும். ஆக 1 வோல்ட்டுக்கு 130 டெசிபெல். சாக்கெட்டில் வரும் இரைச்சல் 10 மைக்ரோவோல்ட் என்று வையுங்கள். அது 1 வோல்ட்டைவிட 100 டெசிபெல் கீழே. மிச்சம் 30 டெசிபெல். பகலில் பஸ்ஸில் அது தெரியாது. ராத்திரியில், காதை அடைக்கும் ரப்பர் டிப் வெளியே கத்தும் சீவிடுகளின் சத்தத்தையும் வெகுவாகத் தடுத்துவிட்ட பிறகு, அந்த 30 டெசிபெல் தெளிவாகக் கேட்கும்.

சால்டரிங் அயர்னைச் சூடாக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். எல்லா இரைச்சலுக்கும் இது மருந்து இல்லை. பாட்டை நிறுத்திவிட்டு வால்யூமை அடியிலிருந்து உச்சிவரை ஏற்றி இறக்கிப் பாருங்கள். உஸ் சத்தம் கூடாமல் குறையாமல் ஒரே அளவில் இருந்தால், அது வால்யூமுக்குப் பின்னால் இருக்கும் ஆம்ப்ளிஃபையரின் இரைச்சல். நான் சொல்லப்போகும் வழி அதற்குத்தான். பாட்டை நிறுத்திச் சில விநாடிகளில் மெல்லிய 'டிக்' கேட்டு உஸ் சத்தமும் சட்டென்று அறுந்து போகிறதா? பல லேப்டாப்களும் போன்களும் மின்சாரம் மிச்சப்படுத்த ஆம்ப்ளிஃபையரை அப்படி அணைத்துவிடும். அதுவும் அதே முடிவைத்தான் உறுதி செய்கிறது. மாறாக, பாட்டு ஓடும்போது மட்டும் கேட்டு, வால்யூமோடு சேர்ந்து ஏறும் இரைச்சல் பதிவிலேயே இருப்பது.

சார்ஜர் செருகியிருக்கும்போது மட்டும் 'ம்ம்ம்' என்ற முனகல் கேட்டால் அது கரண்ட் லைனின் 50 ஹெர்ட்ஸ். சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டுங்கள், போய்விடும். பின்னைத் திருகினால் கரகரவென்று வந்தால் அது பின்னும் சாக்கெட்டும் சரியாகத் தொடாத கோளாறு. நம் மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்கிறது, குளச்சல், முட்டம் பக்கம் உப்புக்காற்று வேறு. பித்தளையில் பச்சை பூப்பதற்குக் கேட்கவே வேண்டாம். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்தால் சரியாகும். இயர்போனைக் கழற்றி வைத்த பிறகும் அமைதியில் உஸ் சத்தம் காதில் கேட்டால் அது எலெக்ட்ரானிக்ஸ் விஷயமே இல்லை. ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் ஒருமுறை காட்டிவிடுங்கள், தள்ளிப் போடாதீர்கள்.

உங்கள் கடிதத்தைப் பார்த்தால் உங்களுக்கு இருப்பது ஆம்ப்ளிஃபையரின் இரைச்சல்தான் என்று தோன்றுகிறது. அப்படியானால் சாக்கெட்டுக்கும் இயர்போனுக்கும் நடுவில் ஒரு அட்டென்யூவேட்டர் போட வேண்டும். வருகிற மின்னழுத்தத்தில் ஒரு பங்கை மட்டும் இயர்போனுக்கு விட்டு மீதியைத் தன்னிடமே நிறுத்திக்கொள்ளும் சிறு சுற்று அது. பாட்டும் இரைச்சலும் ஒரே விகிதத்தில் குறையும். அப்படியானால் என்ன லாபம் என்று கேட்பீர்கள். குறைந்த பாட்டை நீங்கள் வால்யூமை ஏற்றி மீட்டுக்கொள்ளலாம். இரைச்சல் வால்யூமுக்குக் கட்டுப்படாதது என்பதால் அது ஏறாது, குறைந்த இடத்திலேயே கிடக்கும். லாபம் முழுக்க இந்த ஒரு வித்தியாசத்தில்தான் இருக்கிறது. கூடவே இன்னொரு வசதியும் உண்டு. இந்த மாதிரி இயர்போனைப் போனில் செருகினால் வால்யூமின் முதல் படியே ராத்திரிக்கு அதிகமாக இருக்கும். அட்டென்யூவேட்டர் இருந்தால் எல்லாப் படியும் பயன்படும்.

இனி அந்த 100 ஓம் யோசனை. ஒற்றை ரெசிஸ்டரைத் தொடராகப் போட்டால் இரைச்சல் குறையும், பொய்யில்லை. ஆனால் எவ்வளவு குறையும் என்பது இயர்போனின் ஓம் அளவைப் பொறுத்தது. பெட்டியில் போட்டிருக்கும் 16 ஓம் ஒரே ஒரு அதிர்வெண்ணில் அளந்தது, பெரும்பாலும் 1000 ஹெர்ட்ஸில். உங்கள் இயர்போன் போன்றவற்றில், முக்கியமாக ஒன்றுக்கு மேற்பட்ட டிரைவர் (ஒலி எழுப்பும் உறுப்பு) இருந்தால், ஒலியின் அதிர்வெண் மேலே போகப் போக ஓம் அளவு ஏறும், இறங்கும். உதாரணத்துக்கு, ஒரு இடத்தில் 8 ஓம், இன்னொரு இடத்தில் 60 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 100 ஓம் ரெசிஸ்டரைத் தொடராகப் போட்டால் 8 ஓம் இடத்தில் சத்தம் 22.6 டெசிபெல் குறையும், 60 ஓம் இடத்தில் 8.5 டெசிபெல்தான் குறையும். நடுவே 14 டெசிபெல் வித்தியாசம். உடுக்கை அடங்கி ஜால்ரா மட்டும் காதைக் குத்தலாம், அல்லது தலைகீழாக ஆகலாம். துல்லியமாகக் கேட்கவென்று வாங்கிய இயர்போனை இப்படிக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். சாதாரண ஒற்றை டைனமிக் டிரைவர் இயர்போனில் ஓம் அளவு அதிகம் மாறாது. உங்கள் நண்பர் அதில் செய்து பார்த்துவிட்டுத் திருப்தியோடு சொல்லியிருக்கலாம்.

இரண்டாவது ரெசிஸ்டர் இதைச் சரி செய்கிறது. நான் சொல்லும் அளவு: தொடராக 22 ஓம், இயர்போனுக்குக் குறுக்கே இணையாக 2.2 ஓம். 16 ஓம் இயர்போனுக்கு இது ஏறத்தாழ 22 டெசிபெல் குறைக்கும். நம் கணக்கில் 30 டெசிபெல் இரைச்சல் 8 டெசிபெல் ஆகிவிடும், காதில் விழாது. மேலே சொன்ன 8 ஓம் இடத்தில் 22.8, 60 ஓம் இடத்தில் 21.1 டெசிபெல் குறையும். 14 டெசிபெல் கோணல் 2 டெசிபெலுக்குள் அடங்கிவிட்டது. குறுக்கே இருக்கும் 2.2 ஓம், இயர்போன் தன் ஓம் அளவை மாற்றினாலும் மின்னழுத்தத்தைப் பெரிதாக அசையவிடாது. இயர்போன் பின்னோக்கிப் பார்த்தால் அதற்குத் தெரிவது வெறும் 2 ஓம். இயர்போன் ஓமில் எட்டில் ஒரு பங்குக்குள் இது இருக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் வழக்கமான அளவுகோல். 16க்கு 2, சரியாகப் பொருந்துகிறது. சில லேப்டாப் சாக்கெட்டுக்குள்ளேயே 30, 40 ஓம் மறைந்திருக்கும். அதுவும் இந்த 22 ஓமோடு சேர்ந்து தொடரில் போய்விடும். இயர்போனுக்கு அப்போதும் 2 ஓம் சுற்றியே தெரியும். ஆக, இரைச்சலோடு லேப்டாப்பின் ஒரு குறையும் தீர்கிறது.

புதிதாகச் சேர்க்கும் ரெசிஸ்டர்கள் தாமே இரைச்சல் போடாதா என்று கேட்டால், போடும். 2 ஓமுக்கு அது 0.03 மைக்ரோவோல்ட்டுக்கும் குறைவு. அதை மறந்துவிடலாம். 22 டெசிபெல் அதிகம், முழு வால்யூமிலும் பாட்டு போதவில்லை என்றால் 15 ஓமும் 4.7 ஓமும் போடுங்கள், 14 டெசிபெல் குறையும். கடையில் ரெடிமேடாக வேண்டுமென்றால் ஐஃபை நிறுவனத்தின் ஐஇமேட்ச் இதே வேலைக்கானது. ஆனால் அந்தப் பணத்துக்கு நீங்கள் நல்ல கேசட் டெக் ஒன்றை சர்வீஸ் செய்துவிடலாம். கையால் செய்வதே என் பரிந்துரை.

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ரேடியோ, டிவி ஸ்பேர் பார்ட்ஸ் விற்கும் கடையில் 22 ஓம் இரண்டு, 2.2 ஓம் இரண்டு கேளுங்கள். கால் வாட், மெட்டல் ஃபிலிம், 1 சதவீதம் என்று சொல்லிக் கேளுங்கள். 5 சதவீதம் வாங்கினால் இடது காதுக்கும் வலது காதுக்கும் ஒன்றரை டெசிபெல் வரை வித்தியாசம் வந்துவிட வாய்ப்பு உண்டு, பாட்டு ஒருபக்கம் சாயும். கால் வாட் தாங்குமா என்ற கவலை வேண்டாம், 1 வோல்ட் முழுதாக வந்தாலும் 22 ஓமில் 0.04 வாட்தான் சூடாகும். ஒரு பின், ஒரு சாக்கெட் உள்ள 3.5 மி.மீ. ஸ்டீரியோ எக்ஸ்டென்ஷன் ஒயர், கொஞ்சம் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் இவையும் வேண்டும். இயர்போனின் சொந்த ஒயரை வெட்டவே கூடாது.

எக்ஸ்டென்ஷனை நடுவில் வெட்டினால் உள்ளே தலைமுடி போன்ற கம்பிக் கற்றைகள் மூன்று இருக்கும்: பெரும்பாலும் பச்சை இடது, சிவப்பு வலது, செம்பு நிறம் பொது. நடுவில் நூல் இழையும் ஓடும். அந்த நிறம் வார்னிஷ் காப்பு. இதைக் கவனிக்காமல் அப்படியே பற்றவைத்தால் ஈயம் மேலே உருண்டு நிற்கும், உள்ளே தொடர்பு இருக்காது. பிளேடால் சுரண்டினால் இழைகள் அறுந்துவிடும். அயர்ன் நுனியில் புது ஈயத்தை ஒரு சொட்டு உருக்கி வைத்துக்கொண்டு, கம்பியின் நுனியை அந்தச் சொட்டுக்குள் இரண்டு மூன்று விநாடி பிடியுங்கள். லேசாகப் புகை வரும், பச்சையும் சிவப்பும் பின்வாங்கும், கம்பி வெள்ளியாகப் பளபளக்கும். அப்போதுதான் ஈயம் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். புகையை மூச்சில் இழுக்காதீர்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஸ்லீவை ஒயரில் முதலிலேயே நுழைத்துவிட வேண்டும், பற்றவைத்த பிறகு நுழையாது.

இணைப்பு இப்படி: பின் பக்கத்துப் பச்சை 22 ஓமின் ஒரு காலுக்கு. அதன் மறுகாலும் சாக்கெட் பக்கத்துப் பச்சையும் ஒன்றாகச் சேரும். அந்தச் சந்திப்பிலிருந்து 2.2 ஓம் செம்புக்குப் போகும். சிவப்புக்கும் இதே மாதிரி. இரண்டு பக்கத்துச் செம்பும் நேராகச் சேரும். 22 ஓம் லேப்டாப் பக்கம் இருப்பது முக்கியம். மாறிப் போய் 2.2 ஓம் பின் பக்கம் வந்துவிட்டால் ஆம்ப்ளிஃபையருக்கு ஏறக்குறைய ஷார்ட் மாதிரிதான், அதைப் பாடாய்ப் படுத்தும்.

ஐந்து கோட்டு ரெசிஸ்டரில் 22 ஓமுக்கு சிவப்பு, சிவப்பு, கறுப்பு, தங்கம், பழுப்பு. 2.2 ஓமுக்கு சிவப்பு, சிவப்பு, கறுப்பு, வெள்ளி, பழுப்பு. நீல உடம்பில் தங்கமும் வெள்ளியும் டியூப் லைட்டில் ஒன்று போலத்தான் தெரியும். கண்ணை நம்பாமல் மீட்டரில் அளந்து பிரித்து வையுங்கள். முதலில் மீட்டரின் இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொட்டால் 0.3 ஓம் மாதிரி ஏதாவது காட்டும், அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். செய்து முடித்த பின், எதிலும் செருகாமல் பின்னின் நுனிக்கும் அடிப்பகுதிக்கும் அளந்தால் 24.2 ஓம் வர வேண்டும். நுனிக்கும் நடு வளையத்துக்கும் 48.4. இந்த இரண்டும் சரியாக வந்தால் நான்கு ரெசிஸ்டரும் சுற்றுக்குள் வந்துவிட்டன. கடைசியாக, சாக்கெட்டில் ஒரு உதிரிப் பின்னைச் செருகி அதன் நுனிக்கும் அடிக்கும் அளந்தால் 2.2 வர வேண்டும். அங்கே 22 காட்டினால் ரெசிஸ்டர்கள் இடம் மாறிவிட்டன.

உங்கள் இயர்போனில் மைக் இருந்தால் பின்னில் மூன்று கறுப்பு வரி, அதாவது நான்கு துண்டு இருக்கும். அதற்கு எக்ஸ்டென்ஷனும் நான்கு துண்டு வகையாக வாங்கி, மைக் கம்பியை எந்த ரெசிஸ்டரும் இல்லாமல் நேராகச் சேருங்கள். மேலே சொன்ன மீட்டர் அளவுகளில் 'அடிப்பகுதி' என்ற இடத்தில் பொதுக் கம்பி வரும் துண்டைத் தொட வேண்டும், இப்போதைய பின்களில் அது பெரும்பாலும் நுனியிலிருந்து மூன்றாவது. 2.5, 4.4 மி.மீ. பேலன்ஸ்டு சாக்கெட்டுக்கு (உங்கள் இயர்போனின் 'பேலன்ஸ்டு ஆர்மேச்சர்' வேறு, இது வேறு) இந்தச் சுற்று ஆகாது. அங்கே இரண்டு காதுக்கும் பொதுக் கம்பியே கிடையாது, சேர்த்தால் கருவி கெடும். ப்ளூடூத் இயர்போனுக்கும் இது பயன்படாது, அதன் ஆம்ப்ளிஃபையர் காதுக்குள்ளேயே இருக்கிறது.

இதை மட்டும் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். அட்டென்யூவேட்டர் இருக்கும்போது வால்யூம் எப்போதும் மேலேயே நிற்கும். யாராவது அதைக் கழற்றிவிட்டு இயர்போனை நேராகச் செருகினால் மின்னழுத்தம் ஒரே அடியாக 12 மடங்கு ஏறும். உங்கள் இயர்போன் 1 வோல்ட்டில் 130 டெசிபெல் கொடுக்கக்கூடியது. காதுக்குள் அது ஒரு கணத்தில் நிரந்தரச் சேதம் செய்யலாம். கழற்றும் முன் வால்யூமை இறக்குவதைப் பழக்கமாக்குங்கள். ஒயரில் ஒரு டேப் சுற்றி 'வால்யூமை இறக்கு' என்று எழுதியே வையுங்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் பாட்டுக் கேட்கும்போது மட்டும் எடுத்து, முடிந்ததும் பூட்டி வையுங்கள்.

இனி கேசட். அதில் உள்ள இரைச்சல் இதனால் போகாது. அது பாட்டோடு சேர்ந்து டேப்பிலேயே பதிந்தது. பாட்டு குறைந்தால் அதுவும் குறையும், ஏற்றினால் ஏறும். பிலிப்ஸ் 1963இல் கொண்டுவந்த இந்தக் கேசட்டில் டேப் குறுகல், ஓட்டமும் மெதுவு. டால்பி என்ற இரைச்சல் குறைக்கும் நுட்பம் இல்லாத சாதாரண டேப்பில் பாட்டுக்கும் இரைச்சலுக்கும் இடைவெளி சுமார் 50 டெசிபெல்தான். கொடை மேடையில் வைத்த மைக்கிலிருந்து எடுத்த பதிவு என்றால் அதைவிடக் குறைவாக இருக்கும். கம்ப்யூட்டரில் இரைச்சல் நீக்கும் மென்பொருளைப் போட ஆசை வரும். போடுங்கள், ஆனால் நகலில் மட்டும். வில்லில் கட்டிய மணிகளின் ஓசை தேய்ந்து அடங்கும் அந்த நுனியை மென்பொருள் இரைச்சல் என்று நினைத்துச் சேர்த்துத் துடைத்துவிடும். மூலப்பதிவை 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பாக, கை வைக்காமல் இரண்டு இடத்தில் பத்திரப்படுத்துங்கள்.

கேசட்டின் இரைச்சலை நியாயமாகக் குறைக்கும் வேலை பதிவுக்கு முன்னால் இருக்கிறது, உங்கள் அட்டென்யூவேட்டர் அதற்குத்தான் உண்மையில் கைகொடுக்கும். டெக்கில் டேப்பைப் படிக்கும் பிளேபேக் ஹெட்டுக்குப் பக்கத்தில் ஸ்பிரிங் வைத்த சிறு ஸ்க்ரூ ஒன்று உண்டு. டேப்புக்கும் ஹெட்டுக்கும் உள்ள கோணத்தை அது திருத்தும். கோணம் கொஞ்சம் விலகினாலும் உயர் ஒலிகள் மங்கிவிடும், பிறகு அவற்றை ஏற்றப் போய் இரைச்சலையும் ஏற்றிவிடுவீர்கள். லேப்டாப்பின் உஸ் சத்தம் காதில் இருக்கும்வரை இந்த வித்தியாசம் பிடிபடாது. அது போன பிறகு, வீசுகோல் விழுந்து மணிகள் சேர்ந்து ஒலிக்கும் இடமாகப் பார்த்து ஓடவிட்டு, இரண்டு சேனலையும் மோனோவாகச் சேர்த்துக் கேட்டபடி, ஸ்க்ரூவை இம்மி இம்மியாகத் திருப்புங்கள். மணிகள் மிகக் கணீரென்று வரும் இடத்தில் நிறுத்துங்கள். ஒவ்வொரு கேசட்டும் வேறு வேறு டெக்கில் பதிவானது என்பதால் ஒவ்வொன்றுக்கும் இதைச் செய்ய வேண்டும். கேசட்டை மாற்றினால் பதிவைத் தொடங்கும் முன் மறுபடி ஒருமுறை.